கூலிக்காரன் சிரிக்க வைத்தால் கலை ஆகாதா?

சென்ற இதழில் ஜானி லீவரைப் பற்றி வந்த கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையிலும் திரையிலும் உழைத்த ஒரு கலைஞனை நான்கே பக்கத்தில் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: ஜானி லீவருக்கு மிமிக்ரி தெரியும், நடிப்பு தெரியாது. ஆர்கெஸ்ட்ரா மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே செய்த கோணங்கித்தனத்தையே முந்நூறு படங்களில் திரும்பத் திரும்பச் செய்தார். இந்தியாவில் ஸ்டாண்ட் அப் காமெடி என்கிற கலை, ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் கிளப்பில் மைக் பிடித்த பிறகுதான் பிறந்தது. ஆகவே அவருக்கு வாய்ப்பு குறைந்ததற்குக் காரணம் நம் ரசனை வளர்ந்ததுதான். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. சொன்ன விதத்தில் இருக்கும் ஏளனம் அதைவிட மோசம்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கட்டுரையாளர் அரை வரியில் தாண்டிப் போகிறார். அந்த அரை வரியில்தான் எல்லாம் இருக்கிறது. ஜான் பிரகாச ராவ் ஜனுமாலா 1957 ஆகஸ்ட் 14 அன்று ஆந்திராவின் கனிகிரியில் பிறந்த தெலுங்குக் கிறிஸ்தவர். வளர்ந்தது பம்பாயில், கிங்ஸ் சர்க்கிள், தாராவிப் பக்கம். அப்பா ஹிந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையில் ஆபரேட்டர். வீட்டில் பணக்கஷ்டம், ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாராவி எப்படிப்பட்ட இடம் என்பது திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு சந்தில் தமிழ், அடுத்த சந்தில் தெலுங்கு, குழாயடியில் மராத்தி, டீக்கடையில் உருது. அத்தனை பேச்சையும் காதில் வாங்கி வளர்ந்த பையன், சினிமா நடிகர்களின் குரலில் பேசி, பாட்டுக்கு ஆடி, பம்பாய்த் தெருக்களில் பேனா விற்றான். தெருவில் பேனா விற்பவனை நின்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. நடந்துபோகிற மனிதனின் கால் ஒரு கணம் தயங்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்குள் சிரிப்பு வர வேண்டும், சிரிப்பு அடங்குவதற்குள் பேனா கை மாற வேண்டும். டைமிங் என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அதை இதைவிடக் கடுமையாகக் கற்றுத்தரும் பள்ளி எது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

பிறகு அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் கூலி வேலை, பீப்பாய் தூக்கும் வேலை. ஒருநாள் கம்பெனி விழாவில், மேலதிகாரிகள் முன்னிலையிலேயே அவர்களைப் போலப் பேசிக் காட்டினார். தொழிலாளிகள் அன்று வைத்த பெயர்தான் ஜானி லீவர்.

இந்தச் சம்பவத்தைக் கட்டுரையாளர் ஒரு சுவையான துணுக்காக மட்டும் சொல்லிவிட்டு, சில பத்திகள் தள்ளி, ஜானி லீவரின் நகைச்சுவையில் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் துணிவு இல்லை என்று எழுதுகிறார். தான் எழுதியதையே அவர் படிக்கவில்லை. தினக்கூலியில் நிற்கும் ஒருவன், தன் வேலையை ஒரு கையெழுத்தில் பறிக்கக்கூடிய மனிதரை அவர் கண்ணெதிரே நடித்துக் காட்டுகிறான். கூட இருப்பவர்கள் எல்லாரும் தினமும் அந்த அதிகாரியின் அதட்டலைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்பவர்கள். அவர்கள் சிரிக்கிறார்கள், அதிகாரியும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதிகாரத்தின் முன் நின்று செய்த நகைச்சுவைக்கு வேறென்ன உதாரணம் வேண்டும்? டிக்கெட் வாங்கி, ஏற்கெனவே நம் கருத்தோடு ஒத்துப்போகிறவர்கள் நிறைந்த அரங்கில் அரசியல் பேசுவதற்கும் துணிவு வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இவர் பணயம் வைத்தது அன்றாடச் சோற்றை.

மிமிக்ரி வெறும் நகல், அதில் படைப்பு இல்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. மேடை மிமிக்ரியைப் பக்கத்திலிருந்து பார்த்த யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். குரலைப் பிடிப்பது அதில் கால்வாசி. ஒரு மனிதரிடம் நூறு பழக்கம் இருக்கும். பேசத் தொடங்கும் முன் மூக்குக்கண்ணாடியைத் தூக்குவது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவது, கோபம் வரும்போது குரலைத் தாழ்த்துவது என்று எத்தனையோ. அந்த நூறில் எந்த மூன்றை எடுத்தால் ஆள் கண்ணெதிரே வந்து நிற்பார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மிச்சம் தொண்ணூற்றேழையும் விடத் தெரிய வேண்டும். குணச்சித்திர நடிகன் செய்வதும் இதே வேலைதான். ஒருவருக்கு அது நாடகப் பள்ளியில் சொல்லித்தரப்பட்டால் பயிற்சி என்றும், இன்னொருவர் தெருவிலும் தொழிற்சாலையிலும் தானே கற்றுக்கொண்டால் கோணங்கித்தனம் என்றும் பெயர் வைப்பது விமர்சனம் ஆகாது. அது ஆளைப் பார்த்துப் பந்தி வைப்பது.

ஆர்கெஸ்ட்ராவைக் கட்டுரையாளர் வசைச்சொல்லாகவே பயன்படுத்துகிறார். அந்த மேடை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜனங்கள் வந்திருப்பது பாட்டுக் கேட்க. பாடகர் தண்ணீர் குடிக்கப் போகும் இடைவெளியில் ஒருவனைத் தனியாக மைக் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவனை யாரும் கேட்கவில்லை, அவன் பெயர் நோட்டீஸில் இல்லை, அவன் எப்போது இறங்குவான் என்று கூட்டம் காத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தை வசப்படுத்தி, அடுத்த பாட்டு வேண்டாம், இவனே இருக்கட்டும் என்று கத்த வைத்துத்தான் ஜானி லீவர் மேலே வந்தார். கல்யாண்ஜி ஆனந்த்ஜி தங்கள் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1981-ல் தொழிற்சாலை வேலையை விட்டார். அமிதாப் பச்சனோடு வெளிநாட்டு மேடைகளுக்குப் போனார். அவருடைய நகைச்சுவை ஆடியோ கேசட்டாக வந்து வீடு வீடாக ஓடியது. மயில்சாமியும் லட்சுமணனும் சேர்ந்து செய்த 'சிரிப்போ சிரிப்பு' கேசட்டைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இது புரியும். படமே இல்லாமல் வெறும் குரலில் ஒரு தெருவையே சிரிக்க வைத்த காலம் அது. 1986-ல் 'ஹோப் 86' என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சியில், திரையுலகமே கூடியிருந்த அரங்கில் இடைவெளியை நிரப்பத்தான் அவரை மேடையேற்றினார்கள். அந்த இடைவெளியில் அவர் செய்ததைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர் குல் ஆனந்த், நசீருத்தீன் ஷா நடித்த 'ஜல்வா' படத்துக்கு அழைத்தார். படம் 1987-ல் வந்தது. அதற்கு முன்பே, 1982-ல், சுனில் தத் 'தர்த் கா ரிஷ்தா'வில் அவரை நடிக்க வைத்திருந்தார்.

ஒரு மனிதன், ஒரு மைக், எதிரே கூட்டம், கையில் தானே கட்டிய விஷயம். இதற்கு ஸ்டாண்ட் அப் என்று பெயர் இல்லாவிட்டால் வேறென்ன பெயர்? 2010-ல் மும்பை லோயர் பரேலில் காமெடி ஸ்டோர் திறந்ததையே இந்தக் கலையின் பிறந்தநாளாகக் கட்டுரையாளர் குறிக்கிறார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2005-ல், 'தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' தொலைக்காட்சியில் ஓடி, ராஜு ஸ்ரீவாஸ்தவ் போன்றவர்களை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அந்தக் கலைஞர்கள் எல்லாரும் நடந்து வந்த பாதையை 1980-களிலேயே ஒற்றையாளாக வெட்டிப் போட்டவர் ஜானி லீவர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த காமெடி ஸ்டோர் திறந்த இடம் பலேடியம் மால். அது நிற்பது பழைய ஃபீனிக்ஸ் மில்லின் நிலத்தில். தொழிலாளிகள் நூல் நூற்ற மண்ணில் மால் வந்தது, மாலுக்குள் கிளப் வந்தது. இப்போது அந்தக் கிளப்பைக் காட்டி, ஒரு தொழிலாளி செய்தது கலையே இல்லை என்று எழுதுகிறார்கள். அந்த மேடைகளிலிருந்து வந்த இளைஞர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீர் தாஸ் 2023-ல் சர்வதேச எம்மி விருது வாங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒருவரை உயர்த்த இன்னொருவரின் வரலாற்றையே அழிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இனி நடிப்புக்கு வருவோம். முந்நூறு படத்திலும் ஒரே அங்க சேஷ்டை என்கிறார். அப்படியானால் இரண்டு மறதிக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1993-ல் வந்த 'பாஸிகர்', அப்பாஸ் மஸ்தான் இயக்கிய பழிவாங்கும் கதை. காதலித்த பெண்ணை நாயகனே மாடியிலிருந்து தள்ளிக் கொல்லும் படம். அந்த இருட்டுக்கு நடுவில் பாபுலால் என்று ஒரு வேலைக்காரன். வந்த விருந்தாளிக்கு டீ கொண்டுவர வேண்டும் என்பது அவன் மண்டையில் தங்குவதே இல்லை. எழுதிக் கொடுத்த காட்சி என்று அவருக்குப் பெரிதாக எதுவும் கிடையாது, பெரும்பாலும் செட்டில் அவரே கட்டியதுதான். பாபுலாலின் முகத்தைப் பாருங்கள். அசட்டுத்தனத்தை அங்கே அவர் பூசிக்கொள்ளவே இல்லை. மறந்துவிட்டோம் என்பதே தெரியாத ஒரு தெளிவோடு நிற்கிறான். சுற்றி இருப்பவர்கள் எரிச்சல்படலாம், அதட்டலாம், ஏனென்றால் அவன் வேலைக்காரன். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2010-ல், ரோஹித் ஷெட்டியின் 'கோல்மால் 3'. அதில் பப்பி பாய் என்கிற தாதா. நம் முருகதாஸின் 'கஜினி' இந்திக்குப் போனதை ஒட்டிய கேலி அது. இவனுக்கும் மறதிதான், ஆனால் இவனை யாரும் அதட்ட முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு அறுந்து அவன் வேறு ஆளாகிறான். எதிரே நிற்பவர்கள் பயத்தோடு அவன் போக்குக்கு மாறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலைக்காரனின் மறதி அடுத்தவனின் பொறுமையைச் சோதிக்கிறது, தாதாவின் மறதி அடுத்தவனின் உயிரையே வைத்து விளையாடுகிறது. ஒரே குறை, இரண்டு மனிதர்கள். பாபுலாலின் உடம்பில் வேலைக்காரனின் பணிவு ஒட்டியே இருக்கிறது. பப்பி பாயின் தோளில் அந்தப் பணிவின் சுவடு ஒன்று இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். இதைச் செய்தவருக்கு நடிக்கத் தெரியாது என்று எழுதுவதற்கு முன் படத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

2001-ல் ஈ. நிவாஸ் இயக்கி ராம் கோபால் வர்மா தயாரித்த 'லவ் கே லியே குச் பி கரேகா'வை அவர் பெயரளவில்கூடக் குறிப்பிடவில்லை. அதில் அஸ்லம் பாய் ஒரு கேங்ஸ்டர். அவனுக்கு சினிமாப் பைத்தியம், ஹீரோ ஆக வேண்டும், ஆனால் நடிப்பு வராது. நடிக்கத் தெரிந்த ஒருவர் நடிக்கத் தெரியாதவனாக நடிப்பது எவ்வளவு கடினம் என்று மேடை ஏறியவர்களைக் கேளுங்கள். ஒரு இழை கூடினால், நான் வேண்டுமென்றே மோசமாக நடிக்கிறேன் பார் என்று நடிகர் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பது தெரிந்துவிடும். ஜானி லீவர் அதைச் செய்வதே இல்லை. அஸ்லம் பாய் தன் திறமையை முழுசாக நம்புகிறான், உயிரைக் கொடுத்து நடிக்கிறான். அதனால்தான் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் அவன்மேல் கொஞ்சம் பாசமும் வருகிறது. கையில் துப்பாக்கியும் கண்ணில் சினிமா ஆசையுமாக நிற்கும் அந்த மனிதனை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றும்.

1998-ல் வந்த 'துல்ஹே ராஜா'வில் காதர் கான் ஹோட்டல் முதலாளி, ஜானி லீவர் அவரிடம் வேலை பார்க்கும் மேனேஜர் பாங்கே. காதர் கான் சாதாரண ஆள் இல்லை. வசனமே எழுதிப் பெரிய பெரிய ஹீரோக்களைப் பேச வைத்தவர், எதிரே நிற்பவரை விழுங்கிவிடக்கூடியவர். அவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் பேசும்போது குழைந்து, அவர் திரும்பியதும் நிமிர்ந்து, சம்பளம் வாங்கும் மனிதனின் ஒவ்வொரு அசைவையும் பாங்கே காட்டுவான். தொழிற்சாலையில் முதலாளிகளையும் அவர்களுக்குத் தலையாட்டியவர்களையும் ஆண்டுக்கணக்கில் பார்த்த கண் இல்லாமல் அந்த பாங்கே வந்திருக்க மாட்டான். அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு 'தீவானா மஸ்தானா'வுக்கு. 'ஜுதாயி', 'பாட்ஷா', 'அஜ்னபி', 'ஆவாரா பாகல் தீவானா' என்று மற்றவற்றை எல்லாம் விரித்தால் இதழில் இடம் போதாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவர் நடித்த படங்களில் திக்குவாயையும், நிறத்தையும், உடம்பையும், தென்னிந்தியரின் உச்சரிப்பையும் வைத்துச் சிரிப்பு மூட்டிய காட்சிகள் உண்டு. அவற்றை நான் ஆதரிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைப் பேசினார் என்ற சாக்கும் செல்லாது, அவரே வசனம் சேர்ப்பவர்தான். ஆனால் அந்த நோய் அவரிடம் தொடங்கவில்லை. 1968-ல் 'படோசன்' படத்தில் மெஹ்மூத் போட்ட மதராஸி வேஷத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்த இந்தி சினிமா அது. அந்தச் சினிமா முழுவதையும் விட்டுவிட்டு, அதில் சம்பளத்துக்கு வேலை பார்த்த, அதுவும் தென்னிந்தியராகவே பிறந்த ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. கட்டுரையாளர் மெஹ்மூதை மேதை என்கிறார். மேதைதான். அதே அளவுகோலை ஏன் இவருக்கு வைக்கவில்லை?

கடைசிக் குற்றச்சாட்டு, வாய்ப்பு குறைந்ததற்குக் காரணம் ரசனை வளர்ந்தது என்பது. நடந்தது வேறு. இந்தி சினிமாவில் காமெடியனுக்குத் தனி இடம் இருந்தது. தமிழில் நாம் காமெடி ட்ராக் என்கிறோமே, அதே ஏற்பாடு. அதை ஹீரோக்கள் எடுத்துக்கொண்டார்கள். கோவிந்தா சிரிக்க வைத்தார், பிறகு அக்ஷய் குமார், அப்புறம் எல்லாரும். ஹீரோவே ஆடி, அடித்து, சிரிக்கவும் வைத்துவிட்டால் தனியாகக் காமெடியனுக்கு எதற்குச் சம்பளம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஜானி லீவரும் பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். விருதுகளின் கதையும் அதுதான். நகைச்சுவைக்கான ஃபிலிம்ஃபேர் விருதை முதன்முதலில், 1967-ல், வாங்கியவர் மெஹ்மூத், 'ப்யார் கியே ஜா' படத்துக்காக. அது நம் 'காதலிக்க நேரமில்லை'யின் இந்தி வடிவம், நாகேஷ் செய்த வேடம். அப்படித் தொடங்கிய விருதையே 2007-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். வேலையை ஒழித்து, விருதையும் ஒழித்துவிட்டு, வேலை இல்லாமல் நின்றவரைப் பார்த்து உனக்குத் திறமை போதவில்லை என்று சொல்வதற்கு எவ்வளவு கல்நெஞ்சம் வேண்டும்! மில் மூடிய பிறகு தொழிலாளியைச் சோம்பேறி என்றவர்களும் இப்படித்தான் பேசினார்கள்.

அத்தனைக்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. 'தில்வாலே' 2015-ல், 'கோல்மால் அகெய்ன்' 2017-ல், 'ஹவுஸ்ஃபுல் 4' 2019-ல் வந்தன. ஒவ்வொன்றிலும் அவருக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் திரையில் அவர் தலை தெரிந்ததுமே தியேட்டரில் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மக்கள் அவரைக் கைவிடவில்லை. அவர் மகள் ஜேமி லீவர் இன்று அதே மைக்கைப் பிடித்துத் தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்திருக்கிறார். இந்த மரபு செத்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதிய வரிக்கு இந்தப் பெண்ணே பதில்.

ஒரு நடிகரைப் பிடிக்காமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. ஜானி லீவரின் சத்தமான பாணி எனக்கு ஒத்துவரவில்லை என்று அவர் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவருக்கு நடிக்கத் தெரியாது, அவர் செய்தது கலை இல்லை, அவர் இடத்தைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது நல்லதே என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆதாரமாக ஒரு காட்சியையாவது முழுசாக அலசினாரா என்றால் இல்லை. நான்கு பக்கத்திலும் தேடிப் பாருங்கள்.

கட்டுரையாளருக்கு என் கோரிக்கை ஒன்றுதான். 'லவ் கே லியே குச் பி கரேகா'வையும் 'துல்ஹே ராஜா'வையும் முழுசாகப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவருக்கு நடிக்கத் தெரியாது என்று எழுதிய அந்தப் பத்தியை அடுத்த இதழில் திரும்பப் பெறுங்கள்.